கொசொங் கோப்பியும் மூன்றாம் சரணமும்

போன வருஷம் ஆகஸ்டில் என் வேலை போனது. பதினேழு வருஷம் ஒரே கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்த்தவன். ஆட்குறைப்பு என்று ஒரு கவரைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தேன். அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

சபையில் தெரிந்ததும் வாட்ஸ்அப்பில் வசனங்கள் வர ஆரம்பித்தன. சூரிய உதயம், நீர்வீழ்ச்சி, புறா எல்லாம் வந்தன. ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்கிற எரேமியா 29:11 மட்டும் ஒன்பது பேரிடமிருந்து. குறை சொல்லவில்லை, நானே எத்தனையோ பேருக்கு அதே படத்தை அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஆராதனை முடிந்து படியிறங்கும்போது ஒருவர் தோளில் கைபோட்டு, “ஜெபத்துல எங்கயாவது குறை இருக்கான்னு பாருங்க பிரதர்” என்றார். அடுத்த ஞாயிறு மனைவியிடம் தலைவலி என்று சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் தலைவலிதான்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அங்கிளிடமிருந்து போன் வந்தது. “கீழ இறங்கி வா.” பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிறவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியாயிற்று. சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் உட்கார்ந்திருந்தார். விரலில் இரண்டு கோப்பிப் பைகள் தொங்கின. ஒன்றை என் பக்கம் நீட்டி, “உனக்கு கொசொங்தானே” என்றார். சர்க்கரை போடாத கோப்பி. எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அவருக்கு எப்படி ஞாபகம் என்று தெரியவில்லை.

அரை மணி நேரம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். அப்புறம் உறிஞ்சுகுழாயைக் கடித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, போன வாரம் பாமாலையில மூணாவது சரணத்துல பேஸ் அப்படியே இறங்கிப்போச்சு. நீ மூச்சு விடுற இடத்துலதான் நானும் மூச்சு விடுவேன். பத்து வருஷமா அப்படித்தான். உனக்குத் தெரியாது.”

அவ்வளவுதான். வசனம் சொல்லவில்லை, ஜெபம்கூடப் பண்ணவில்லை. காலிப் பைகளைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நான் லிஃப்டில் ஏறி, என் மாடியில் இறங்காமல் மேலே போய்த் திரும்பி வந்தேன். கண்ணைத் துடைக்க நேரம் வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி எபிரெயர் 10:25-ஐ எடுத்துப் பார்த்தேன். சபை கூடிவருதலை விட்டுவிடாதிருக்கச் சொல்லும் அதே வசனம்தான். நம் பழைய மொழிபெயர்ப்பில் “ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்” என்று இருக்கிறது. 1 தெசலோனிக்கேயர் 4:18-லோ “ஒருவரையொருவர் தேற்றுங்கள்”. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல், பரகலேயோ. பக்கத்தில் அழைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். தமிழ்ச் சபைகளில் நாம் முதல் வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம் என்று எனக்கு ஒரு சந்தேகம். புத்தி சொல்ல நமக்குச் சொல்லியா தர வேண்டும்!

ஆதிச் சபையில் யோசே என்பவனுக்கு அப்போஸ்தலர் வைத்த மறுபேர் பர்னபா, ஆறுதலின் மகன். எருசலேமில் சீஷர்கள் எல்லாரும், முன்பு சபையைத் துன்பப்படுத்திய சவுலைக் (பின்னாளில் பவுல்) கண்டு பயந்தபோது அவனைக் கூட்டிக்கொண்டுபோய் அப்போஸ்தலர் முன் நிறுத்தியவன் பர்னபாதான். அந்தியோகியாவுக்குப் போனபோதும் பாருங்கள், அப்போஸ்தலர் 11:23-ல் வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் அங்கிருந்த கிருபையைக் கண்டான், சந்தோஷப்பட்டான், அதற்கப்புறம்தான் புத்தி சொன்னான். நாம் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து நேரே மூன்றாவதில் போய் நிற்கிறோம்.

மறுநாள் போய்ப் பாடினேன். அங்கிள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் சரணத்தில் நான் மூச்சு விட்டபோது பக்கத்திலும் ஒரு மூச்சு கேட்டது. வேலை கிடைக்க இன்னும் நாலு மாதம் ஆனது, சம்பளமும் குறைவுதான்.

போன சனிக்கிழமை, தன் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு சபைச் சகோதரரைப் பார்க்க உட்லண்ட்ஸ் போனேன். அனுப்ப எடுத்த வசனப் படத்தை அழித்துவிட்டு, கோப்பிக்கடையில் இரண்டு கோப்பி கட்டிக்கொண்டேன். அவர் கோப்பியே குடிப்பதில்லையாம். இரண்டையும் நானே குடித்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்திருந்தார்.