சுங்கை சிப்புட் ஆத்தாளுக்குப் பால்குடம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் சுங்கை சிப்புட். இ.டி.எஸ். எனும் மின்சார ரயில் நிற்கும் ஊர்தான். ஆனால் பால்குடம் எடுக்க விடியுமுன் தோட்டத்து அம்மன் கோயிலில் இருக்க வேண்டியவர்கள் முதல்நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. சிப்புட் என்றால் மலாயில் நத்தை. திருவிழாவன்று பெரிய சாலையில் கார்கள் ஊர்வதைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும்.

பூ, தேங்காய், எலுமிச்சை எல்லாம் பட்டணத்துச் சந்தையிலேயே வாங்கிவிடுங்கள். கோயில் வாசலில் அதே மாலைக்கு வேறு விலை. சாலையோரப் புல்தரைக்குக்கூடக் காசு கேட்டு விசில் ஊதுகிறவர்களிடம் பேச்சு வளர்க்காமல், தள்ளி நிறுத்திவிட்டு நடப்பது மேல்.

இந்த மண்ணில் பால் என்றால் முன்பு ரப்பர் பால். மரத்தில் வெட்டிய பால், தோட்டத்தில் அதைச் சேர்க்கும் ஸ்டோருக்குப் போவதற்குள் உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். பால்குடத்துக்கு அந்த வசதி இல்லை. குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டுச் சரியாக அலசாமல் ஊற்றினால் பாதி வழியிலேயே திரிந்துவிடும். பலர் வெயிலின்மேல் பழி போடுகிறார்கள். குளிர்ந்த பாலைப் புறப்படும் நேரத்தில் ஊற்றுங்கள், கழுத்துக்கு நான்கு விரல் கீழே வரை. வாழையிலையால் மூடி மஞ்சள் துணி கட்டினால் தளும்பாது. 2 லிட்டர் குடம் போதும். சும்மாடு இறுக்கமாக இருக்கட்டும்.

தார்ச்சாலை பத்து மணிக்குமேல் கொதிக்கும். அதைவிடச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் போகும் மண்பாதையில் கவனம்: காய்ந்த மட்டையின் முள் பாதத்தில் ஏறினால் எளிதில் வராது.

அந்தப் பாதையெல்லாம் பழைய ரப்பர் தோட்டங்கள். 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். ஊரடங்கு ராத்திரிகளில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பாட்டிமார் வேறு யாரிடம் முறையிட்டிருப்பார்கள்? பிறகு தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்க ஆரம்பித்தபோது, இவ்வூரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க வைத்தார். எல்லாத் தோட்டமும் தப்பவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியாயின, சனங்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குப் போனார்கள். ஆத்தா மட்டும் இடம் மாறவில்லை.

நம்ம குடம் உள்ளே போகும்போது கூட்டத்தில் நசுங்கித்தான் நிற்போம். முன்னால் யாரோ போனைத் தூக்கிப் பிடித்து மறைப்பார்கள். பம்பை ஏறும். சட்டென்று ஒரு இடைவெளி; கருங்கல் முகத்தில் வெள்ளையாய் வழிந்து, கண் மட்டும் தெரியும். கேட்க வந்ததெல்லாம் மறந்துபோகும். தாயே, பாட்டி கேட்டதைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்தவளே, கால் முள்ளும் உன் பிரசாதம்தான்.

மூடி போட்ட சின்னப் பாத்திரம் ஒன்று கையோடு இருக்கட்டும். நடக்க முடியாமல் வீட்டில் காத்திருக்கும் பாட்டிக்கு அபிஷேகப் பால். மதியத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.