கடைமடையில் விழுந்த புள்ளிகள்

எனக்கு வந்த பக்கவாதம் ஒரேயடியாக அடித்துப் போடவில்லை. விட்டு விட்டு வந்தது. படுக்கையை விட்டு எழுந்து நின்றால் வலது கை துவளும், சொல்ல வந்த சொல் தொண்டையோடு நின்றுவிடும். மறுபடி படுத்தால் சற்று நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வெறும் களைப்புதான் என்று சொன்னவர்களை அக்கா லட்சியம் செய்யவில்லை. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அந்தப் பிடிவாதத்துக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

முதலில் எடுத்த சி.டி. ஸ்கேனில், இரத்தக் கசிவு இல்லை என்பது மட்டும் உறுதியானது. இ.சி.ஜி.யிலும் எக்கோவிலும் குறை எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. நரம்பியல் மருத்துவர் எங்கள் இருவரையும் திரை முன் உட்கார வைத்துப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார். மூளையின் இடது பாதியில், நல்ல ஆழத்தில், முன்னிருந்து பின்னாக ஒரே வரிசையில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். புதிதாகச் சேதமான இடம் இந்த வகைப் படத்தில் வெளுத்துத் தெரியுமாம்.

"புள்ளி எத்தனை என்பதைவிட எங்கே விழுந்திருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்" என்றார் அவர். இதயத்திலிருந்து இரத்தக்கட்டி கிளம்பி வந்திருந்தால், பல தமனிகள், அதாவது இரத்தம் கொண்டுவரும் குழாய்கள், ஊட்டும் பகுதிகளில், சில சமயம் இருபுறமுமே, சேதம் சிதறிக் கிடக்கலாம். தமனிச் சுவரில் படிந்த கொழுப்பு, அங்கிருந்து பிரியும் நுண்கிளையின் வாயை மூடினால் ஆழத்தில் ஒற்றைத் திட்டு விழும். அந்தப் படிவின் மேல் உறைந்த கட்டி துணுக்காக உடைந்து ஓடினால், மூளையின் மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேதம் தெரியும். என்னுடைய புள்ளிகளோ தமனிப் பகுதிகள் ஒன்றையொன்று தொடும் எல்லையில் இருந்தன. வாய்க்கால் நீர் கடைசியாக எட்டும் வயல் போல, தமனிக்கு அந்த எல்லைதான் கடைமடை. மேலே குழாய் குறுகினால் முதலில் காய்வது அதுதான். நான் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சற்று இறங்கினாலும் அங்கே இரத்தம் எட்டாமல் போயிருக்கிறது. கை துவண்டதற்குக் காரணம் அதுவே. தமனிகளைப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராமும் அதையே காட்டியது: இடது நடுப் பெருமூளைத் தமனியில் 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம்.

வார்டில் என் இரத்த அழுத்தம் எகிறியிருந்தும் யாரும் அதைக் குறைக்க முற்படவில்லை. அக்கா பதறிவிட்டார். குறுகிய இடத்தைத் தாண்டி இரத்தத்தைத் தள்ளுவதே அந்த அழுத்தம்தான், தொடக்க நாட்களில் சட்டென இறக்கினால் சேதம் பரவும் என்று விளக்கினார்கள். சலைன் ஏற்றினார்கள், எழுந்து நடக்க அவசரப்படவிடவில்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, அழுத்தம் என்றைக்குமே உயர்ந்திருக்கலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உடல் நிலைப்பட்டதும் மேல் அளவைப் படிப்படியாக 140-க்குக் கீழே கொண்டுவந்தார்கள். நீண்ட நாள் நோக்கில் அதுதான் பாதுகாப்பு.

குறுகிய தமனியை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டை வைத்துவிட்டால் கவலை தீர்ந்ததே என்று உறவினர்கள் ஓயாமல் கேட்டார்கள். நானும் அதைத்தான் விரும்பினேன். மருத்துவர் 2011-ல் வெளியான சாம்ப்ரிஸ் ஆய்வைப் பற்றிச் சொன்னார். என்னைப் போலவே கடும் சுருக்கம் உள்ள 451 பேரை வைத்து நடந்த ஆய்வு அது. 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, ஸ்டென்ட் பிரிவில் 14.7 சதவீதம் பேருக்கு. தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 5.8 சதவீதம் பேருக்கு. மூளைத் தமனியை விரிக்கும்போது நுண்கிளைகள் அடைபடலாம், இரத்தம் கசியலாம். எண்களைக் கேட்டபின் என் மனம் மாறியது.

அந்த ஆய்வின் முறையிலேயே 90 நாட்கள், இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்து எடுத்தேன். பிறகு ஆஸ்பிரின் மட்டும். கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே இறங்கும்வரை ஸ்டாட்டின் மருந்தின் அளவைக் கூட்டினார்கள். பேச்சு விரைவில் திரும்பியது. விரல்களுக்குத்தான் நாளாயிற்று, சட்டைப் பொத்தானைப் போடவும் கழற்றவும் பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்.

பக்கவாதம் என்று அறிக்கை கையில் வாங்கியவர்கள், சேதம் எந்த இடத்தில், எந்த வடிவத்தில் இருக்கிறது, தமனிகளைப் படம் எடுத்தாயிற்றா என்று தயங்காமல் கேளுங்கள். எனக்கு நடந்த வைத்தியம் அத்தனையும் அந்தப் பதிலை ஒட்டியே அமைந்தது. மருந்தையும் மீறி மறுபடி மறுபடி வந்தால் ஸ்டென்ட்டைப் பற்றித் திரும்பப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதுவரை அந்தப் பேச்சுக்குத் தேவை எழவில்லை.