மூன்று மாவட்டம், ஒரே கேபின்

என் மாமனார் எதிரில் நான் லுங்கி கட்டிக்கொண்டு நின்றதில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடமாகிறது. ஆற்காட்டில் அவர் வீட்டுக்குப் போனால் படுக்கும்வரை பேன்ட்தான். காலையில் அவர் செருமும் சத்தம் கேட்டாலே படுத்த வாக்கில் பேன்டுக்குள் நுழைந்துவிடுவேன். அவர் இப்படி இருக்கச் சொன்னதில்லை. அவரும் மாப்பிள்ளைகள் வந்திருக்கும் நாட்களில் வெற்றுடம்போடு இருக்க மாட்டார். அக்னி நட்சத்திரத்தில்கூட முழுக்கைச் சட்டை. இந்த மரியாதை இரண்டு பேருக்குமே தொல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். யார் முதலில் விடுவது என்பதுதான் தெரியவில்லை.

இப்படிப்பட்ட மரியாதை ஒழுங்காக நடக்க ஒரு வீட்டில் குறைந்தது மூன்று அறையும் ஒரு திண்ணையும் வேண்டும். கப்பலில் திண்ணை கிடையாது.

மாமனாருக்கு எழுபது நிறைந்தது. கோயிலில் சாந்தி ஹோமம் என்று பேச்சு ஆரம்பித்து, என் மனைவியின் அக்கா தலையிட்டதில் அது கப்பல் பயணமாக மாறிவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி, இரண்டு இரவு கடலில் இருந்துவிட்டுத் திரும்பும் சொகுசுக் கப்பல். டிக்கெட் எடுத்தது நான். எனவே குற்றமும் என்னுடையதே. பால்கனி வைத்த அறை, ஜன்னல் வைத்த அறை, உள் அறை என்று மூன்று விலை சொன்னார்கள். உள் அறை என்றால் கப்பலின் நடு வயிற்றில் இருப்பது. கடலையும் பார்க்க முடியாது, வானத்தையும் பார்க்க முடியாது. விலை மட்டும் பார்க்கும்படியாக இருந்தது. “அறையில் யார் சார் உட்காரப் போகிறீர்கள், தூங்கத்தானே?” என்றார் ஏஜென்ட். நியாயமாகத்தான் பட்டது. யாரோடு தூங்கப் போகிறேன் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

எட்டுப் பேர்; நான்கு படுக்கை வைத்த இரண்டு அறைகள். பெண்கள் நால்வரும் ஒன்றில், ஆண்கள் நால்வரும் ஒன்றில் என்று மாமியார் போனிலேயே தீர்ப்புச் சொல்லி வைத்துவிட்டார். ஆக மாமனார், சகலை, நான், என் பன்னிரண்டு வயது மகன்.

மாமனார் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் ஊர் கேட்டால் ‘வட ஆற்காடு’ என்றுதான் சொல்வார். 1989-ல் அந்த மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது அவர் வேலையில் இருந்தார், பொறுத்துக்கொண்டார். 2019-ல் மிச்சமிருந்த வேலூரை மூன்றாக்கினார்கள். அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. அந்தப் பிரிவினையில் ஆற்காட்டு மாமனார் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், ஆம்பூர் சகலை திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போய்விட்டார்கள். சத்துவாச்சாரியில் இருக்கும் நான் மட்டும் வேலூர். ரயிலிலும் அந்தப்படியே ஆம்பூரில் சகலை குடும்பம் ஏறியது, காட்பாடியில் நாங்கள், வாலாஜா ரோட்டில் மாமனாரும் மாமியாரும். வாலாஜாவில் மாமனார் ஏறும்போது கையில் ஒரு மக்கன் பேடா டப்பா. “பேரனுக்கு” என்று சொல்லிவிட்டு மாமியாரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். மாமனாருக்குச் சர்க்கரை நோய் உண்டு.

துறைமுகத்தில் பெட்டிகளைச் சோதித்து, மாமியாரின் மின்சாரக் கெட்டிலையும் சகலையின் இஸ்திரிப் பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். சுற்றிலும் தண்ணீரை வைத்துக்கொண்டு கப்பல்காரர்கள் பயப்படுவதெல்லாம் நெருப்புக்குத்தானாம். சூடாகும் எதையும் அறைக்குள் விடுவதில்லை. மக்கன் பேடாவை விட்டுவிட்டார்கள். நெய்யில் பொரித்து, வயிற்றில் முந்திரியை அடைத்து, சர்க்கரைப் பாகில் மூழ்கடித்த அந்தப் பொருளை யாரும் ஆபத்தானதாக நினைக்கவில்லை.

அறைக் கதவைத் திறந்ததும் இருட்டு. கதவு திறக்கும் அட்டையைச் சுவரில் இருந்த பொந்தில் சொருகியதும்தான் விளக்கு எரிந்தது. எதிர்ச் சுவரில் அழகான திரைச்சீலை தொங்கியது. “ஜன்னல் இல்லை என்றீர்களே மாப்பிள்ளை” என்று சந்தோஷமாகப் போய்த் திரையை இழுத்தார் மாமனார். உள்ளே கண்ணாடி. கடலுக்குப் பதில் அவரே நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைச் சொல்வார்கள். 1981-ல் கோட்டைக் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்துவிட்டார். 2021 மழையில் பாலாற்றுக்குத் தண்ணீரும் வந்து போனது. காலியான இடத்துக்கு ஜன்னல் இல்லாத அறையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சகலை சொன்னார். நான் சிரிக்கவில்லை. டிக்கெட் எடுத்தவன் சிரிக்கக் கூடாது.

மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தோடு பாதம் ஒட்டி நடந்து அறையை அளந்தார். “பத்துக்குப் பதினான்கு. நூற்று நாற்பது சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6. மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.” அளவுச் சங்கிலி 66 அடி நீளம் என்றும், அதை இங்கே விரித்தால் நாலைந்து மடிப்பு மடித்துத்தான் போட வேண்டும் என்றும் என் மகனுக்குச் சொன்னார். பிறகு கப்பலில் கொடுத்த நிகழ்ச்சிநிரல் தாளின் பின்பக்கத்தில் புலப்படம் வரைய உட்கார்ந்தார். படத்தில் முதலில் வடக்குத் திசையைக் குறிக்க வேண்டும். அங்கேயே நின்றுவிட்டார். கப்பல் திரும்பிக்கொண்டே இருந்தது. நாற்பது வருட அனுபவத்தில் நிற்காமல் நகரும் நிலத்தை அவர் அளந்ததில்லை. கடைசியில் கப்பலின் மூக்கையே வடக்கு என்று வைத்துக்கொண்டார்.

கீழே இரண்டு கட்டில். மேலே சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இரண்டு பரண். கட்டிலுக்கும் சர்வே எண் போட்டார்: கீழ்க்கட்டில் 1/1 மாமனார், 1/2 பெரிய மாப்பிள்ளையான சகலை. நடுவில் இருக்கும் ஒன்றே கால் அடி, பொதுப்பாதை. கட்டிலுக்கு அடியில் புறம்போக்கு, பெட்டிகள் ஆக்கிரமிக்கலாம். மேலே இருப்பதற்கு உட்பிரிவு எண் தர முடியாது, அது ஆகாயம் என்று சொல்லிவிட்டார். அந்த ஆகாயத்தில்தான் நானும் என் மகனும்.

எந்தப் பரணில் யார் என்பதில் ஒரு சிக்கல் வந்தது. மாமனாரின் தலைக்கு மேலே நான் காலை நீட்டிப் படுப்பதாவது? அதைக் கேட்டால் என் மனைவியே என்னை மன்னிக்க மாட்டாள். மகனை அங்கே ஏற்றிவிட்டு நான் சகலைக்கு மேலே போனேன். சகலை தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியவர். தூக்கத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை என்பதை அன்றிரவு தெரிந்துகொண்டேன். கப்பலின் சுவர் இரும்பு. குறட்டையை அது உள்ளே வாங்கிக்கொள்ளாமல் எனக்கே திருப்பிக் கொடுத்தது.

புலப்படத்தை என்ன செய்வது என்று யோசித்தபோது என் மகன் ஒரு காந்தத்தை வைத்துச் சுவரில் ஒட்டிவிட்டான். இரும்புச் சுவரால் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம்.

குளியலறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஏனென்றால் அதில் அதிகம் இல்லை. வாசலில் முக்கால் சாண் உயரத்துக்கு ஒரு படி. கப்பல் ஆடும்போது தண்ணீர் வெளியே வராமலிருக்க வைத்தது. வீட்டில் வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் பழகிய மாமனார் ஒருவர்தான் அதில் விரலை இடித்துக்கொள்ளாமல் தப்பித்தார். கழிவறையில் தண்ணீர் ஊற்றிப் போவதில்லை, பொத்தானை அழுத்தினால் காற்று உறிஞ்சிக்கொள்ளும். சகலை முதல் தடவை அழுத்தியபோது எழுந்த சத்தத்தில், ஆளும் போய்விட்டாரோ என்று நாங்கள் கதவைத் தட்டினோம். குளிக்கும்போது பிளாஸ்டிக் திரை ஓடி வந்து முதுகில் ஒட்டிக்கொள்கிறது. அதனோடு மல்லுக்கட்டியதில் கொக்கியில் மாட்டியிருந்த என் பேன்ட் முழுக்க நனைந்தது. இது பின்னால் வரும்.

முதல் இரவு நான் இன்னொரு பேன்டோடுதான் படுத்தேன். மாமனார் முழுக்கைச் சட்டையோடு. ஒன்றே கால் அடி இடைவெளியில் மரியாதை மூச்சு முட்டிக்கொண்டு நின்றது. விளக்கை அணைத்ததும் வந்ததைப் போன்ற இருட்டை நான் பார்த்ததில்லை. ஊரில் மின்சாரம் போனாலும் எங்காவது ஒரு நட்சத்திரம், ஒரு பீடி நெருப்பு இருக்கும். இங்கே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

“மாப்பிள்ளை, விடிந்துவிட்டது. எழுந்திருங்கள்” என்ற குரலில் விழித்தேன். மாமனார் குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசித் தயாராக நின்றார். “மணி ஆறே கால். கடலில் சூரியோதயம் பார்க்க வேண்டும்.” தூங்கவே இல்லை போலிருந்தது. ஆனால் மாமனார் சொல்லி மறுப்பதா? எல்லாரும் எழுந்தோம். சகலை ஒரு தரம் முனகினார், மகன் பல தரம் முனகினான். நால்வரும் லிப்டில் மேல்தளத்துக்குப் போனோம்.

கதவு திறந்தது. பாட்டு காதைப் பிளந்தது. நீலமும் சிவப்புமாக விளக்குச் சுழல, ஐம்பது அறுபது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். விபூதியும் வேட்டியுமாக முன்னால் நின்ற மாமனாரைப் பார்த்ததும் ஒரு இளைஞன் கைகூப்பிவிட்டு மறுபடி ஆடினான். தலைக்கு மேலே நட்சத்திரங்கள். சகலை தன் போனை எடுத்துப் பார்த்தார். மணி பன்னிரண்டு ஐம்பது.

மாமனார் சட்டைப் பையிலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்தார். பழைய ரேடியம் முள் கடிகாரம். இருட்டில் தடவி எடுத்துத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். பன்னிரண்டரையைத் தலைகீழாகப் பார்த்தால் ஆறு மணி போலத்தான் தெரியும். வேண்டுமானால் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பாருங்கள். சேவலும் இல்லை, காகமும் இல்லை, கோயில் மணியும் இல்லை. பாவம், அவருக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கடிகாரம்தான்.

தவறை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. “வந்தது வந்தோம், காற்று வாங்குவோம்” என்று கம்பியருகே போய் நின்றார். கரிய தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தார். “இதற்கும் எல்லை உண்டு, தெரியுமா?” என்றார் பேரனிடம். “கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் நாட்டுக் கடல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்.” எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறார்கள் என்று பையன் கேட்டான். அதைத்தான் தானும் தேடுவதாகச் சொன்னார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் பகல் முழுக்கச் சாப்பாடு, நீச்சல் குளம், போட்டோ. எல்லாக் கப்பலிலும் நடப்பதுதான். பெண்கள் அறையை எட்டிப் பார்த்தோம். அதே நூற்று நாற்பது சதுர அடியில் மாமியார் கொடி கட்டித் துணி உலர்த்தி, நான்கு பேரும் உட்கார்ந்து சீட்டாட இடம் கண்டுபிடித்திருந்தார். மாமனார் அதையும் அளக்கப் போனார், உள்ளே விடவில்லை.

இரண்டாவது இரவுக்கு வருகிறேன். நனைந்த பேன்ட் காயவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் எதுவும் காய்வதில்லை. இன்னொன்றில் மதியம் சாம்பார் கொட்டியிருந்தது. வேறு வழியில்லாமல், மாமனார் விளக்கை அணைக்கும்வரை குளியலறையிலேயே காத்திருந்து, இருட்டில் லுங்கியோடு ஏணி ஏறினேன். லுங்கி கட்டிக்கொண்டு ஏணி ஏறுவது தனி வித்தை. கீழே சகலை தூங்கிவிட்டிருந்தது என் அதிர்ஷ்டம். அன்று கடல் கொஞ்சம் ஆடியது.

நடுச்சாமத்தில் மாமனாரின் குரல் கேட்டது. மெதுவாக, ஆனால் அரசாங்கக் குரலில்: “மாப்பிள்ளை. பதற்றப்பட வேண்டாம். கப்பல் ஒழுகுகிறது.”

விளக்கைப் போட இறங்க வேண்டியது நான்தான், ஸ்விட்ச் என் ஏணிப் பக்கம். இறங்கினேன். விளக்கு எரிந்தது. நான் கட்டம் போட்ட லுங்கியில். மாமனார் வெறும் பனியனில். பதினாறு வருடத்தில் முதல் முறை. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. நெற்றியிலிருந்து மூக்கு வழியாக இறங்கிய எதையோ விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, இந்தக் கடல் தண்ணீர் இனிக்கிறதே!”

மேலே என் மகன் தலையணைக்குப் பக்கத்தில் மக்கன் பேடா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கியிருந்தான். கப்பல் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் பாகு பரணின் ஓரமாக வழிந்து, சரியாக சர்வே எண் 1/1-ல் சொட்டியிருக்கிறது.

டப்பாவை எடுத்து மூடப் போனேன். மாமனார் கையை நீட்டினார். நான் அவர் சர்க்கரையை நினைத்துத் தயங்கினேன். அவர் இப்போதுதான் என் லுங்கியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். டப்பாவைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு சாப்பிட்டார். அவசரமில்லாமல், ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்து. வாசனைக்கு விழித்துக்கொண்ட சகலை வாய் திறக்கும்முன் அவர் கையில் ஒன்றை வைத்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு படுத்தார். “மாப்பிள்ளை, இது அடங்கல் கணக்கில் ஏற வேண்டாம்” என்றார். விளக்கை அணைத்தேன். அன்று சகலையின் குறட்டை எனக்குக் கேட்கவில்லை.

ஊர் திரும்பும் ரயிலில் மாமியார் பையைத் திறந்து அடுக்கிக்கொண்டிருந்தவர், மாமனாரின் பனியனை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது ஏன் இப்படிப் பிசுபிசு என்று ஒட்டுகிறது?” என்றார்.

“கடல் காற்று” என்றார் மாமனார். “உப்பு.”

“பாட்டி, அது வந்து...” என்று என் மகன் ஆரம்பித்தான். ராணிப்பேட்டை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் ஒரே நேரத்தில் இருமின.

மாமனார் எழுந்து ஜன்னல் ஓரத்து இருக்கையைப் பேரனிடம் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். இரும்புக் கதவை மேலே தூக்குமுன், விரலை மடக்கி அதை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.