டேங்க் நிறைந்தால் நின்றுபோகும் ஜெனரேட்டர்

கம்பத்தில் ஒரு பழைய இரும்புக்கடையில் கிடந்த 15 கேவிஏ டீசல் ஜெனரேட்டரை மச்சான் எடை விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கிவிட்டார். செல்போன் டவரிலிருந்து கழித்துவிட்ட சரக்கு. இரண்டு சிலிண்டர், ஏர்கூல்டு, மைக்கோ கம்பெனி டீசல் பம்ப், மூன்று பேஸ் டைனமோ. மலைமேல், கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் இருக்கிற அவருடைய ஏலத்தோட்டத்து ஸ்டோருக்காக, அதாவது காய் உலர்த்தும் கூடத்துக்காக, வாங்கியது. காய்ப் பறிப்பு தொடங்குகிற ஆடி, ஆவணியில்தான் மேலே மழையும் காற்றும் வெளுத்து வாங்கும். லைனில் கிளை விழுந்தால் கரண்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஸ்டோரில் பச்சைக் காயை நிரப்பிவிட்டால் ஏறக்குறைய ஒரு பகலும் ஒரு இரவும் சூடு சீராக ஓட வேண்டும். நடுவில் ஃபேன் நின்றால் காயின் பச்சை நிறம் மங்கும், கூடவே விலையும் இறங்கும்.

எனக்குப் பழைய இஞ்சின் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அதனால் ஜெனரேட்டரை மேலே ஏற்றி இறக்கியதும் "நீங்களே பாருங்க மாப்ள" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

இப்படிக் கிடந்த இஞ்சினை எடுத்தவுடன் செல்ஃப் அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் காற்று அழுந்தாமல் விடும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டுக் கையால் சுற்றினேன், தங்குதடையின்றிச் சுற்றியது. ஆயில் மாற்றினேன். பம்ப்பின் பக்க மூடியைத் திறந்து, டீசலைக் கூட்டிக் குறைக்கும் தண்டான ரேக்கை விரலால் நகர்த்திப் பார்த்தேன். இதைப் பலர் செய்வதில்லை. ரேக் முழு டீசல் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால், ஸ்டார்ட் ஆன நொடியில் இஞ்சின் தறிகெட்டு ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அதற்காகவே ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்று உறிஞ்சும் வாயை அடைக்கிற அளவுக்கு ஒரு தடித்த பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கையால் மூடப் போகிறவர்கள் விரலை மறந்துவிடலாம். ரேக் நன்றாகவே நகர்ந்தது, பலகைக்கு வேலை வரவில்லை.

டேங்கின் அடி பிளக்கைத் திறந்தால் முதலில் வந்தது தண்ணீர், பிறகு செம்மண் குழம்பு போலத் துரு, அப்புறம்தான் டீசல். டேங்கைக் கழுவி இரண்டு ஃபில்டரையும் மாற்றி, பைப்பில் மாட்டியிருந்த ஏரை வெளியே எடுத்துவிட்டு செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. ஆனால் வோல்ட்மீட்டர் முள் அசையவே இல்லை. இது பெரிய விஷயமில்லை. ரொம்ப நாள் சும்மா கிடந்த டைனமோவில் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தம் போய்விடும். அது இல்லாமல் மின்சாரம் கிளம்பாது. இஞ்சினை நிறுத்திவிட்டு, ஏவிஆரிலிருந்து (வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் பெட்டி) டைனமோவைக் காந்தமாக்கும் ஃபீல்டு வயர் இரண்டையும் கழற்றி, ஒரு 12 வோல்ட் பேட்டரியை பிளஸ்ஸுக்கு பிளஸ் பார்த்துச் சில நொடி தொட்டு எடுத்தேன். மறுபடி மாட்டி ஓட்டியதும் 415 வோல்ட் காட்டியது.

தொந்தரவு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஓடிய சில நிமிடங்களிலேயே சத்தம் ஏறி இறங்க ஆரம்பித்தது. பேனலில் பழைய காலத்து ஃப்ரீக்வென்ஸி மீட்டர் இருக்கிறது, முள் இல்லாத வகை. வரிசையாக மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளைப் பொட்டு. எந்த ஃப்ரீக்வென்ஸியோ அந்தத் தகடு மட்டும் அதிரும். நல்ல மிஷினில் 50-ல் ஒரு தகடு அதிர்ந்து வெள்ளைப் பட்டையாகத் தெரியும். இதில் அந்தப் பட்டை 47-க்கும் 53-க்கும் நடுவே ஊஞ்சலாடியது. கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, இருமி, நின்றுவிடும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும்.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். கம்பத்திலிருந்து காலையில் பறிப்பு ஆட்களை ஏற்றிவரும் ஜீப் டிரைவர் "கவர்னர் வெயிட் தேஞ்சிருக்கும்ணே, பம்ப்ப இறக்கிருங்க" என்றார். ரேக்கை நகர்த்தி வேகத்தைச் சீராக வைப்பதுதான் கவர்னர். பக்கத்துத் தோட்டத்து மலையாளி மெக்கானிக் ஐந்து நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு "அண்ணாச்சி, இது பம்பு தன்னே" என்று முடித்துவிட்டார். மச்சானுக்கும் பம்ப் மேல்தான் சந்தேகம்.

எனக்கு அது ஒப்பவில்லை. பம்ப்பைக் கழற்றினால் காலிப்ரேஷனுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும், திரும்ப மாட்டும்போது டைமிங் பார்க்க வேண்டும், செலவு வேறு. மைக்கோ பம்ப் நல்ல டீசல் கொடுத்தால் லேசில் கெடாது. (அந்தக் கம்பெனி 1951-ல் பெங்களூரில் தொடங்கியது, 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. மெக்கானிக்குகள் இன்னும் மைக்கோ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.) அதைவிட, கவர்னர் தேய்ந்த இஞ்சின் ஆடிக்கொண்டே இருக்கும், ஆனால் நிற்காது. இது நிற்கிறது. ஓய்வு கொடுத்தால் சரியாகிறது. இரும்புத் தேய்மானம் டீ குடிக்கிற நேரத்தில் குணமாகாதே.

இன்னொன்றும் உறுத்தியது. கடையில் ஓட்டிக் காட்டியபோது இது ஒரு மணி நேரம் அலுங்காமல் ஓடியதாக மச்சான் சொன்னார். அப்போது டேங்கில் டீசல் ஊற்றினார்களா என்று கேட்டேன். "எங்க ஊத்தினாங்க, ஒரு கேன வச்சு டியூப் போட்டுத்தான் ஓட்டினாங்க."

சரி, நாமும் அதையே செய்து பார்ப்போம் என்று, ஐந்து லிட்டர் கேன் ஒன்றை ஷெட் விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, டியூபை நேரே ஃபில்டருக்குக் கொடுத்தேன். டேங்க், டேங்க் பைப், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்ப் மூன்றும் கணக்கிலிருந்து வெளியே. ஸ்டோர் ஃபேன், லைட் எல்லாம் போட்டு ஓட்டினேன். தகடு ஒரே இடத்தில் நின்று அதிர்ந்தது. கேன் காலியாகும்வரை ஆட்டமும் இல்லை, இருமலும் இல்லை. மைக்கோ பம்ப்பும் கவர்னரும் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் சுத்தம் என்று ஆனது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு முழ டியூப். பம்ப்பில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் யாராக இருந்தாலும் இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்து, கோளாறு டேங்க் பக்கம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவே உள்ள பைப்பில் டீசல் கசிவு இல்லை. ஆனால் அது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கண்ணால் பார்க்க, பைப்பின் நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை ஒரு சாண் நீளத்துக்குச் சேர்த்தேன். சோதனைக்கு மட்டும்தான், டீசலில் ஊறினால் அது விறைத்து வெடித்துவிடும். ஓட்டியதும் டியூபில் கடுகு கடுகாகக் குமிழி வரிசை. நேரம் ஆக ஆகக் கடுகு பட்டாணியானது. ஒவ்வொரு குமிழி பம்ப்பைச் சேரும்போதும் வேகம் விழும். கவர்னர் ரேக்கைத் திறக்கும். அதற்குள் நல்ல டீசல் வந்துவிட வேகம் எகிறும். அந்த ஊஞ்சல் இப்படி வந்ததுதான்.

காற்று நுழைந்த இடம் டேங்க் தலையில் பைப்பைப் பிடித்திருக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட். அதன் இரண்டு செம்பு வாஷரும் பலமுறை இறுக்கி இறுகிப்போய், ஒரு பக்கம் வரி விழுந்திருந்தன. புது வாஷர் வாங்கக் கீழே இறங்க வேண்டும், மழை வேறு. மட்டக் கல்லில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். எஃகை இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகிவிடும். தண்ணீரில் போடுவது சீக்கிரம் ஆறுவதற்கும் கருக்கு உதிர்வதற்கும்தான், இளக வைப்பது சூடு. மாட்டி இறுக்கியதும் டியூபில் ஒரு குமிழி இல்லை.

ஆட்டம் போய்விட்டது. ஆனால் நிற்பது போகவில்லை! முன்பைவிட மோசம்: நின்ற பிறகு எவ்வளவு நேரம் விட்டாலும் பிடிக்க மறுத்தது. மச்சான் ஒன்றும் பேசவில்லை. மலையாளி மெக்கானிக் இருக்கிற பக்கம் மட்டும் பார்த்தார்.

நான் டியூபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழி இல்லாத அந்தப் பிளாஸ்டிக் டியூப், நிற்கப் போகிற நேரத்தில் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிச் சப்பையானது. அதாவது ஃபீட் பம்ப் உறிஞ்சுகிறது, டேங்க் கொடுக்க மாட்டேன் என்கிறது. அப்போதுதான் ஸ்டோர் வாட்ச்மேன் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம் உறைத்தது: "டேங்க நெறைய ஊத்துனாத்தான் சார் சீக்கிரம் நிக்குது, கம்மியா இருந்தா நல்லா ஓடுது." டேங்கில் டீசல் குறைந்தால் நிற்கும் என்றுதான் யாரும் நினைப்போம், இது தலைகீழ். ஆனால் டேங்குக்குள் வெளிக்காற்று நுழைய வழியில்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். டீசலுக்கு மேலே 30 லிட்டர் காற்று இருக்கும்போது ஒரு லிட்டர் டீசல் வெளியேறினால் உள் அழுத்தம் நூற்றுக்கு மூன்றுதான் குறையும். காற்று 3 லிட்டர் மட்டும் இருந்தால் அதே ஒரு லிட்டருக்குக் கால் பங்கு குறைந்துவிடும். அவ்வளவு இழுவைக்கு எதிராக அந்தச் சின்ன ஃபீட் பம்ப் எப்படி உறிஞ்சும்?

ஃபில்லர் மூடியை மெல்லத் திருகினேன். "ஸ்ஸ்ஸ்" என்று காற்று உள்ளே பாய்ந்தது. டேங்கின் தகடு டொக்கென்று பழைய நிலைக்கு வந்தது. உடனே செல்ஃப் அடித்தேன், பிடித்துக்கொண்டது.

மூடியில் நல்ல ரப்பர் வாஷர் இருப்பதால் அது காற்று விடாது. காற்றுக்கென்று டேங்க் தலையில் கைத்தடிப் பிடி போல வளைந்த ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அதன் வாயில் கம்பியை விட்டால் அரை விரல் கூடப் போகவில்லை. சுரண்டச் சுரண்ட மண் வந்தது, மண்ணோடு காய்ந்த புழுக்கூடும் சிறகுத் துணுக்கும். குளவி! இரும்புக்கடையில் சும்மா கிடந்த நாட்களில் குடித்தனம் நடத்தியிருக்கிறது. குழாயைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்து, இனி எந்தக் குளவியும் வராதபடி வாயில் மெல்லிய பித்தளைச் சல்லடையைச் சுற்றிக் கட்டினேன்.

முதலில் ஓய்வு கொடுத்தால் ஓடியதற்கும் இப்போது விடை கிடைத்தது. இஞ்சின் நின்ற பிறகு, கெட்டுப்போன செம்பு வாஷர் வழியே காற்று மெல்ல மெல்ல டேங்குக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நான் அந்த ஓட்டையை அடைத்ததும் டேங்குக்கு இருந்த ஒரே மூச்சுக்குழலும் போய்விட்டது. ஒரு கோளாறு இன்னொன்றுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தால் வரும் வினை இது. ஒன்றைச் சரிசெய்ததும் நிலைமை மோசமானால் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறோம் என்றும் அர்த்தம் இருக்கலாம். அவசரப்பட்டு பழையபடி மாற்றிவிடக் கூடாது.

பிறகு லோடு சோதனை. இரும்பு டிரம்மில் இருநூறு லிட்டர் தண்ணீர், அதில் பேஸுக்கு ஒன்றாக மூன்று 3 கிலோவாட் ஹீட்டர் எலிமென்ட், டிரம்முக்கு எர்த். கவர்னர் ஸ்பிரிங்கைத் திருகி, லோடு இல்லாமல் 52 நிற்கும்படி வைத்தேன். இந்த மாதிரி மெக்கானிக்கல் கவர்னர் லோடு ஏறினால் இரண்டு மூன்று சைக்கிள் இறங்கும், அது கோளாறு இல்லை. வெறும் ஓட்டத்தில் 50 வைத்தால் ஃபேன் எல்லாம் போட்டதும் 47-க்கு வந்துவிடும். ஒன்பது கிலோவாட்டில் 50-ஐ ஒட்டி நின்றது. ஒன்றரை மணி நேரத்தில் டிரம் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. பறிப்புக்கு வந்த பெண்கள் வாளியோடு வந்துவிட்டார்கள்.

இன்னும் இரண்டு ஹீட்டர் ராடைச் சேர்த்துப் பன்னிரண்டுக்கு ஏற்றியபோது சைலன்ஸரில் கரும்புகை. கீழே கம்பத்தில் இதே லோடுக்கு இவ்வளவு புகை வராது. தோட்டம் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இஞ்சினுக்கு டீசல் அதே அளவு கிடைக்கும், எரிக்கக் காற்று கிடைக்காது. ஆகவே மேலே இதை 10 கிலோவாட் மிஷினாகத்தான் கணக்கு வைக்க வேண்டும் என்று பேனலில் பெயின்ட்டால் எழுதிவிட்டேன். ஸ்டோர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற கரண்டு ஓடும்போது இழுப்பதைப் போல ஆறு மடங்கு என்பதால், மோட்டாரை முதலில் போட்டுவிட்டு மற்றதை அப்புறம் போடச் சொல்லியிருக்கிறேன். லைன் கரண்டும் இதுவும் எந்த நேரத்திலும் ஒன்று சேராதபடி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டியாயிற்று. போஸ்ட்டில் ஏறி வேலை செய்கிறவர் உயிர் அதில் இருக்கிறது.

பாக்கி வேலை இருக்கிறது. சைலன்ஸர் இணைப்பில் கருப்பு எண்ணெய்ப் பிசுக்கு வடிகிறது. டவரில் எப்போதும் சொற்ப லோடில் ஓடியதால், எரியாத டீசல் அங்கே படிந்தது அது. டிரம்மை வைத்து மாதம் ஒருமுறை நல்ல லோடில் சூடேற ஓட்டினால் பெரும்பாலும் எரிந்து போகும். போகாவிட்டால் கழற்றிச் சுரண்ட வேண்டியதுதான். சிலிண்டர் ஃபின்களில் எண்ணெயும் தூசியும் அப்பிக் கிடக்கின்றன, மழை விட்டதும் அதை முதலில் கழுவ வேண்டும். ஏர்கூல்டு இஞ்சினுக்கு ஃபின்தானே ரேடியேட்டர். ஹவர் மீட்டர் ஓடவில்லை. நாசில் இரண்டையும் டெஸ்ட்டரில் போட்டுப் பார்க்கக் கம்பத்துக்குக் கொடுத்துவிட்டிருக்கிறேன். அதை வாங்கிவரப் போவது ஜீப் டிரைவர்தான், பம்ப் எங்கே என்று அங்கேயும் கேட்டிருப்பார்.