கையெழுத்துக்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்

டெக்சாஸில் மேல்மண் ஒருவருக்கு, அடியில் உள்ள எண்ணெயும் எரிவாயுவும் இன்னொருவருக்கு என்று பிரித்து விற்கலாம். அதனால் தாத்தாவின் பண்ணை எப்போதோ கைமாறியிருந்தாலும் நிலத்தடி உரிமை மட்டும் பேரப்பிள்ளைகள் பெயரில் நிற்கும்.

இதை வாங்கும் கம்பெனிகள் வீடு தேடிக் கடிதம் அனுப்புகின்றன. பெரிய எழுத்தில் ஒரு தொகை, சீக்கிரம் பதில் சொல்லுங்கள் என்ற அவசரம், சிலர் காசோலை மாதிரி ஒரு தாளோடு கிரயப் பத்திரத்தையும் சேர்த்தே வைத்துவிடுகிறார்கள், வயதானவர்கள் அதைக் குத்தகைத் தாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன ஆவது? எனக்குக் கோபம் வருவதே இதில்தான். குத்தகை என்றால் எண்ணெய் எடுக்க விடுவது மட்டும்தான், உரிமை உங்களுடையதுதான், உற்பத்தியில் எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை ராயல்டி பேசலாம். விற்றால் எல்லாம் போச்சு.

கடிதம் ஏன் இப்போது வருகிறது என்று பாருங்கள். பக்கத்தில் யாராவது எண்ணெய்க் கிணறு துளையிட அனுமதி வாங்கியிருக்கலாம். டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷன் (பெயரில்தான் ரயில், பார்ப்பது எண்ணெய்) இணையதளத்தில் கிணற்று வரைபடம் இலவசம்.

விற்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஷேல் என்ற இறுகிய களிமண் பாறையில் துளையிடும் கிணற்றில் முதல் ஓரிரு வருடத்திலேயே உற்பத்தி மளமளவென்று சரியும், ராயல்டியும் கூடவே சரியும். பாதியை மட்டும் விற்கலாம். சரி, விற்பதென்றால் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், அப்புறம் பணம் வங்கியில் ஏறும்வரை பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.