78 சுற்று, எத்தனை கட்டை?

7 ஜனவரி 2024

சென்னையின் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குக் கடையை மாற்றிக்கொண்ட பழைய வியாபாரிகளில் ஒருவரின் மகன், இப்போது வீட்டிலிருந்தே இசைத்தட்டுகளை விற்கிறார். நான் கேட்டுப் போனது ஒரே ஒரு தட்டு. நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய 'எவரனி', தேவாமிர்தவர்ஷிணி ராகத்தில் அமைந்த தியாகராஜர் கிருதி. அவரோ, "பதினொண்ணு இருக்கு சார், பிரிச்சுக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கிட்டப்பாவைத் தவிர, கர்நாடக இசைப் பாடகர் முசிரி சுப்பிரமணிய ஐயரின் 'நகுமோமு' ஒன்று, விளிம்பில் பிறை வடிவில் உடைந்து. மற்றவை பெரும்பாலும் நாடகத் தட்டுகள், உறைகூட இல்லாதவை. வேண்டாதவற்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோமே என்ற மனத்தாங்கலோடுதான் வாங்கி வந்தேன்.

9 ஜனவரி

இன்று முழுவதும் கழுவும் வேலை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டு அரக்கில் கல்தூளும் கரியும் கலந்து வார்க்கப்பட்டது. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். இது தெரியாமல் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாகஸ்வரத் தட்டை நானே ஸ்பிரிட்டால் துடைத்துப் பாழாக்கினேன். அதன் மறுபிரதி இன்றுவரை என் கண்ணில் படவில்லை. வாலை வடிநீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, பஞ்சுபோன்ற தூரிகை, நடுவிலுள்ள காகித வில்லையில் ஈரம் படாமல் ஒரு மூடி, கழுவியபின் செங்குத்தாக நிறுத்தி உலரவிடுவது: இவ்வளவுதான் என் முறை. மூன்றாவது நீரிலும் பழுப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

12 ஜனவரி

பின்னாளில் வந்த எல்.பி. தட்டுக்கான ஊசியை இந்தத் தட்டுகளில் வைத்தால் அது ஒலி பதிந்த கோட்டுப் பள்ளத்தின் அடியில் படிந்திருக்கும் அழுக்கைத்தான் வாசிக்கும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு பருமனுள்ள ஊசிமுனை வேண்டும். அதுதான் கோட்டின் இரு சுவர்களையும் தொட்டு நிற்கும். ஊசியை மாற்றிவிட்டுக் கிட்டப்பாவை வைத்தேன்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்றரை நிமிடம். கச்சேரியில் அரை மணி நேரம் விரியக்கூடிய ஒன்றை அதற்குள் அடக்க வேண்டும் என்றால், எதை விடுவது என்று பாடகர் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். ஆகவே தட்டைக் கச்சேரியின் துண்டாக நான் கேட்பதில்லை. வெண்பாவைப் போல, அளவுக்குள் நிற்கும் தனி வடிவமாகவே கேட்கிறேன். கிட்டப்பா முதல் அடியிலேயே மேலே ஏறிவிடுகிறார். கூச்சமோ முயற்சியோ தெரியாமல் குரல் மேல் ஸ்தாயியில் போய் உட்காரும்போது, 27 வயதில் 1933-இல் மறைந்த ஒருவரைக் கேட்கிறோம் என்பது நெஞ்சை அடைத்தது.

அவருடைய சுருதி உயரமானது என்று பெயர் பெற்றது. ஆனால் இவ்வளவு உயரமா? அல்லது தட்டு வேகமாகச் சுழல்கிறதா? வேகம் கூடினால் சுருதியும் ஏறிவிடும்.

15 ஜனவரி

பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். நான் 77 கறுப்புக் கோடுகள் அச்சிட்ட காகித வட்டத்தைச் சுழலும் தட்டின்மேல் வைத்து, சோக் வைத்த பழைய டியூப் லைட்டின் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. விளக்கு வினாடிக்கு நூறு முறை ஒளிர்ந்து தணிகிறது. கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் நிமிடத்துக்கு 77.92 சுற்று என்று பொருள். கோடுகள் நின்றன. என் கருவியில் குற்றம் இல்லை.

ஆனால், இன்று சரியாக 78-இல் ஓடுகிறது என்பதால் அன்று ஒலிப்பதிவும் 78-இல்தான் நடந்தது என்று ஆகிவிடாது. அக்காலத்துத் தட்டுகள் பல, இரண்டு மூன்று சுற்றுகள் கூடவோ குறையவோ வெட்டப்பட்டவை. அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பாடறவரை விடுடா, பின்னாடி ஆர்மோனியம் கேக்கறதே, அதைப் பிடி" என்றாள்.

அவள் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது இரவு படுத்தபோதுதான் உறைத்தது. பாடகர் தமக்கு வசதியான எந்த இடத்திலும் ஆதார ஷட்ஜத்தை, அதாவது தொடக்க ஸ்வரமான 'ஸ'வை, வைத்துக்கொள்ளலாம். ஆர்மோனியத்தின் கட்டைகள் நகராதவை. கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால், அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு. அதாவது 78-ஐ 73.6-ஆகக் குறைத்தால் சுருதி சரியாக அடுத்த கீழ்க் கட்டைக்கு இறங்கிவிடும். எனவே எல்லா வேகமும் சாத்தியம் என்ற நிலை போய், ஒன்றிரண்டு வேகங்களே மிஞ்சும்.

21 ஜனவரி

ஒன்றிரண்டில் எது என்பதில்தான் சிக்கல். பழைய ஆர்மோனியங்கள் எல்லாம் ஒரே அளவில் சுருதி கூட்டப்பட்டவை அல்ல. வேகம் தவறினால் குரலின் உயிரெழுத்துகள் மாறி ஒலிக்கும் என்பது ஒரு துப்பு. ஆனால் ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும் குரலில் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

28 ஜனவரி

இன்றைக்குக் கிடைத்தது பெரிய பேறு. காகித வில்லையை ஒட்டிய வழவழப்பான வளையத்தில், ஒலிப்பதிவு வரிசை எண் அரக்கிலேயே பதிந்திருக்கும். தட்டைச் சாய்த்து விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரியும். பதினொன்றையும் அப்படிப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தபோது, கிட்டப்பா தட்டின் எண்ணுக்கு மிக அருகில் ஒரு நாடகத் தட்டின் எண் இருந்தது. வேண்டாமென்று ஒதுக்கி வைத்ததில் ஒன்று. எண்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்தால், ஒரே அமர்வில், ஒரே கருவியில் வெட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தத் தட்டில் பாட்டுக்கு நடுவே வசனம் வருகிறது. பேசும் குரலைக் காது ஏமாறாமல் எடைபோடும். மனிதர் பேசும் வேகம் நமக்குத் தெரியும். 78-இல் அந்த நடிகர் அவசரக்காரராக, மூக்கால் பேசினார். மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் அவர் அறைக்குள் நின்று பேசுவதுபோல் ஆனார். அதே வேகத்தில் கிட்டப்பாவை வைத்து அக்காவுக்குத் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். ஆர்மோனியம் ஒரு கட்டையில் சரியாகப் போய் நின்றது. சுருதி சற்று இறங்கியும் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் குரலில் இப்போது மார்பு இருக்கிறது.

பிரித்துக் கொடுக்க மாட்டேன் என்று அந்த வியாபாரி பிடிவாதம் பிடித்திராவிட்டால் இது நடந்திருக்காது. நாளை அவருக்குச் சொல்ல வேண்டும்.

4 பிப்ரவரி

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கிராமபோன் பாட்டுப் புத்தகங்கள் சேர்த்துவைக்கப்பட்டிருக்கின்றன. தட்டு நிறுவனங்கள் பாடல் வரிகளோடு வெளியிட்ட மெலிந்த புத்தகங்கள் அவை. நாடகத் தட்டின் வில்லையில் பெயர் அழிந்த நடிகரை அங்கே தேடப்போகிறேன்.

அடுத்தது முசிரி. நகுமோமுவை இன்று நாம் ஆபேரி ராகத்தில் பாடும் விதம் பரவியதற்கு இந்தத் தட்டின் செல்வாக்கும் ஒரு காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. உடைந்த பிறையால் முதல் சில சுற்றுகள் போய்விட்டன. ஊசியை அதற்கு அப்பால் கையால் இறக்க வேண்டும். அதன் வரிசை எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, எதிரே வேகத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.