தலையால் தந்தி அடிப்பவன் யார்?

ஹெவி மெட்டல் என்னும் அதிரடி ராக் இசைப் பாடல் ஒன்றின் பெயரைச் சொல்லாமல், ஓரிரு வரிப் புதிராக மட்டும் அதைச் சொல்லி, கேட்பவரைக் கண்டுபிடிக்க வைக்கும் ஆட்டம் எங்கள் நண்பர் வட்டத்தில் சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையானதும் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள் என்பதால், பழைய கலங்கரை விளக்கத்தின் பக்கம் கருங்கற்களின் மேல் உட்கார்ந்து நிம்மதியாகச் சண்டை போட முடிகிறது. விதிகள் அதிகமில்லை. புதிர் தமிழில் இருக்க வேண்டும், கைப்பேசியைத் தொடக்கூடாது, தோற்றவர் சுண்டலுக்குக் காசு கொடுக்க வேண்டும். தலைப்பை அப்படியே தமிழாக்கிப் புதிர் என்று நீட்டுபவரை யாரும் மதிப்பதில்லை.

இந்த ஆட்டத்துக்கு ஹெவி மெட்டலைப் போல வாகான இசை வேறில்லை என்பது என் எண்ணம். வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றும் இந்தப் பாடல்களில் பல, ஒரு போரையோ மறைநூல் நிகழ்ச்சியையோ பழைய கவிதையையோ நாவலையோ அடித்தளமாகக் கொண்டவை. கதை இருக்கும் இடத்தில் விடுகதைக்குப் பஞ்சம் இருக்காது. "கையில்லை, காலில்லை, கண்ணில்லை, காதில்லை, தலையால் தந்தி அடிக்கிறான், அவன் யார்?" என்று ஒருவர் கேட்டபோது, புதிதாக வந்திருந்த ஒரு தம்பி சற்றும் தயங்காமல் "மண்புழு" என்றான். விடை, மெட்டாலிக்கா இசைக்குழு 1988-இல் வெளியிட்ட 'ஒன்' என்னும் பாடல். முதல் உலகப் போரில் கை கால்களையும் பார்வையையும் செவியையும் பேச்சையும் இழந்து கட்டிலில் கிடக்கும் வீரன், தலையைத் தலையணையில் மோதி மோர்ஸ் குறியீட்டில் பேச முயல்வதாக டால்டன் ட்ரம்போ 1939-இல் எழுதிய நாவலே அதற்கு மூலம். மண்புழுவுக்கும் பாதிப் பொருத்தம் இருக்கத்தான் செய்தது. தந்தி அடிப்பது யார் என்று கேட்டபிறகுதான் தம்பி அடங்கினான்.

நல்ல புதிருக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல், விடை தெரிந்ததும் "அட, இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே" என்று கேட்டவர் நொந்துகொள்ள வேண்டும் என்பதே. "மார்கழிக் குளிரில் தாத்தா மாட்டும் குல்லாயின் ஊரில், குதிரையோடு விழுந்தவன் கதை" என்பது அப்படிப்பட்டது. மங்கி குல்லாய்க்கு ஆங்கிலத்தில் பாலக்லாவா என்று பெயர். அது கிரிமியாவில் உள்ள ஓர் ஊர். அங்கே 1854 அக்டோபரில், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஓர் உத்தரவினால், பிரிட்டிஷ் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து பெரும் இழப்பைச் சந்தித்தது. அதில் சாகும் ஒரு வீரனின் குரலில் ஒலிப்பது அயர்ன் மெய்டனின் 'தி ட்ரூப்பர்', 1983. குல்லாயிலிருந்து பாடலுக்கு வந்து சேர்வதற்குள் சுண்டல் ஆறிப்போனாலும், வழியில் ஒரு படிகூடப் பொய்யில்லை.

அதே இசைக்குழுவைப் பற்றிய இன்னொரு புதிர் பெரிய வழக்காகிவிட்டது. "கல்யாணத்துக்குப் போகிறவனை வழிமறித்த கிழவன், ஒருகாலத்தில் அவன் கழுத்தில் தொங்கியது மாலையல்ல, பறவை" என்றதும், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் நண்பர் 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரைனர்' என்று சொல்லிவிட்டார். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் அந்தக் கிழ மாலுமியைப் பற்றி 1798-இல் வெளியிட்ட கவிதையை வைத்து 1984-இல் உருவான, பதின்மூன்று நிமிடங்களுக்கும் மேல் நீளும் பாடல் அது. ஆனால் நண்பர் ஆங்கில இலக்கியம் படித்தவர். "மச்சான், இது போங்கு! உனக்குப் பாட்டு தெரியாது, பாடம்தான் தெரியும்" என்று கூச்சல் எழுந்தது. அவர் அசராமல், பாட்டின் நடுவே எல்லாம் அடங்கி, கப்பலின் மரம் முனகுவது மட்டும் கேட்கும் பகுதியை விவரித்துக் காட்டியபின் வழக்குத் தள்ளுபடியானது.

பாடலை விட்டுவிட்டு ஆளைச் சுட்டும் புதிர்களில் எனக்கு உடன்பாடில்லை. "தகட்டு ஆலையில் விரல் நுனிகளை இழந்தவன் வாசித்தது" என்றால், பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி என்பது மெட்டல் கேட்கும் யாருக்கும் தெரியும். அந்தக் குழுவின் எந்தப் பாட்டு என்பது கேட்டவருக்கே வெளிச்சம். மாறாக, "வாசலில் பால் புட்டி உடைந்தது, கிட்டாரே போலீஸ் சைரன் ஊதியது" என்பது ஜூடாஸ் ப்ரீஸ்ட் 1980-இல் வெளியிட்ட 'பிரேக்கிங் தி லா' ஒன்றைத்தான் காட்டும். கண்ணாடி நொறுங்கும் ஓசைக்காக அவர்கள் உண்மையாகவே பால் புட்டிகளை உடைத்துப் பதிவு செய்தார்கள்.

எகிப்தில் தலைப்பிள்ளைகள் இறந்த இரவைப் பற்றிய 'க்ரீப்பிங் டெத்' பாடலை மட்டும் இங்கே புதிராக்க முடியாது. "நிலைக்காலில் ஆட்டுக்குட்டியின் இரத்தம்" என்று தொடங்கும்போதே, ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசைக்குப் போகும் நண்பர்கள் விவிலியத்தின் விடுதலைப் பயண நூலின் அதிகாரத்தோடு சொல்லிவிடுகிறார்கள்.

எல்லோரும் அறிந்த பாடலை ஒளித்துவைப்பதுதான் உண்மையில் கடினம். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' என்றால் பொம்மலாட்டம், நூல், கயிறு என்று எதைத் தொட்டாலும் மாட்டிக்கொள்வோம். கடலூர் நண்பர் அவற்றின் பக்கமே போகாமல், "முதலில் அவன் பொடியை இழுத்தான், பிறகு பொடி அவனை இழுத்தது" என்றார். நாங்கள் மூக்குப்பொடியிலேயே நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தோம். அந்த 1986-ஆம் ஆண்டுப் பாடல் போதைப்பொருள் தன்னை உட்கொள்பவனை ஆட்டிவைப்பதைப் பற்றியது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல; ஆனால் விடை சொன்னவள், 2022-இல் ஒரு வெப் தொடரில்தான் அதை முதன்முதலில் கேட்ட, எங்களில் எல்லோருக்கும் இளையவளான நண்பரின் தங்கை. தொடர் பார்த்து மெட்டலுக்கு வந்தவர்களை இளக்காரமாகப் பேசிக்கொண்டிருந்த இருவர்தான் அன்று சுண்டலுக்குக் காசு கொடுத்தார்கள்.